விடையளித்தலும் ஒரு கல்வியே

கல்வி என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவன இரண்டு: ஆசிரியர் உரைப்பதைக் கேட்டலும், நூல்களை ஓதுதலும். இவ்விரண்டையும் செவ்வனே செய்தவன் கற்றவனாய்விட்டான் என்றே பெரும்பாலோர் கருதுவர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் கணக்கோ வேறு. ஆசிரியர் உரைத்ததை எத்துணைக் கருத்தாகக் கேட்பினும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்று அவர் தம் நூலின் பொதுப்பாயிரத்தில் வகுத்துள்ளார். ஆகலின் பிறர் வினாவுக்கு விடை கூறுதல் கற்றவன் கல்லாதானுக்கு இடும் பிச்சை அன்று. விடை கூறுவோன் தன் கல்வியின் செம்பாதியை ஈட்டிக்கொள்ளும் வழியே அது.

இக்கணக்கை யாம் முதன்முதற் படித்தபொழுது தேர்வுக்குரிய ஒரு சூத்திரமாகவே கருதி மனனஞ் செய்தோம். அதன் பொருள் எமக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. மாணவர் இல்லத்து வாசகசாலையில் எமக்கு நேர்ந்த ஒரு தலைக்குனிவினால் விளங்கியது. அதனையும், அதன்பின் யாம் கைக்கொண்ட ஒழுங்கையும் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தாம் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதலானோம்.

எம் மாணவர் இல்லத்து வாசகசாலையில், நாளிதழ்கள் கிடக்கும் நீண்ட மேசையின் ஒரு மூலையில், தடித்த அட்டையிட்ட குறிப்புப்புத்தகம் ஒன்று உண்டு. அதற்கு வினாப்புத்தகம் என்று பெயர். யாவரும் தம் ஐயங்களை அதில் எழுதலாம்; பெயர் எழுத வேண்டுவதில்லை. விடை அறிந்தவர் யாவரேயாயினும் அடியில் எழுதலாம். சொல்லின் பொருள், கணக்கின் வழி, இரயில் வண்டியின் நேரம், பூச்சிக்கடிக்கு மருந்து என எல்லாம் அதில் வரும். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாம் அறுவர், மொழியையும் நூல்களையும் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதுவதை எம் உரிமையாக மேற்கொண்டோம். உண்மையைக் கூறுமிடத்து, எம் விடைகளைப் பிறர் வியந்து படித்தலைக் காண்பதில் எமக்கிருந்த ஆசையே அவ்வுரிமைக்குக் காரணம். வினாவைக் கண்டவுடன் எழுதுகோலை எடுப்போம்; நினைவில் உள்ளதை எழுதுவோம்; நினைவு குறையுமிடத்தை நடையழகால் நிரப்புவோம்.

ஒருநாள் அப்புத்தகத்தில், 'ஆங்கிலப் பேரகராதிக்குச் சொற்களைத் தேடிக்கொடுத்தவருள் ஒருவர் பித்தர் விடுதியில் இருந்தவர் என்கிறார்களே, மெய்தானா?' என்று ஒரு வினா எழுதப்பட்டிருந்தது. யாம் பள்ளிப்பருவத்திற் கேட்டிருந்த கதை உடனே நினைவுக்கு வந்தது. அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே, தமக்கு ஓயாது உதவிவந்த மைனர் என்னும் மருத்துவரை ஆக்ஸ்போர்டில் நிகழ்ந்த ஒரு பெருவிருந்துக்கு அழைத்தார், அவர் வரவில்லை, வியப்புற்ற மரே தாமே அவர் ஊருக்குச் சென்று ஒரு பெருமாளிகையினுட் புகுந்தார், அங்கிருந்த தலைவரை மைனர் என்றெண்ணி வணங்கினார், 'ஐயா, இது பித்தர் விடுதி, மைனர் இங்கு அடைபட்டிருப்பவருள் ஒருவர்' என்னும் மறுமொழி கேட்டுத் திகைத்தார். இக்கதையை யாம் விரிவாகவும் சுவையாகவும் ஒரு பக்கம் நிறைய எழுதினோம். படித்தவரெல்லாரும் மெச்சினர்.

இளைய மாணவர் ஒருவர் அதனைப் பார்த்தெழுதிக்கொண்டு போய் ஒரு பேச்சுப் போட்டியில் உருக்கமாகக் கூறினார். நடுவருள் ஒருவர் எழுந்து, 'தம்பி, இச்சந்திப்பு இவ்வாறு நிகழ்ந்ததேயில்லை. 1915-ஆம் ஆண்டில் ஆங்கில மாத இதழ் ஒன்று வெளியிட்ட கற்பனை இது. நீர் இதை எங்குப் படித்தீர்?' என்று வினவினார். தம்பியிடம் விடை இல்லை. பரிசும் இல்லை. திரும்பிவந்தவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. எம் விடையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'விடை எழுதியவர் இதை எங்குப் படித்தார்?'

அவ்வரியை யாம் மறுநாட் காலையிற் கண்டோம். அதற்கும் எம்மிடம் விடை இல்லை. கேட்டதைக் கேட்டவாறே கூறினோமேயன்றி, ஒரு நூலையும் புரட்டினோமல்லோம். அன்று மாலையே நூலகத்திற்குச் சென்று மைனரின் உண்மை வரலாற்றைத் தேடத் தொடங்கினோம். தேடியபொழுது யாம் எழுதிய பொய்க்கதையினும் மெய்வரலாறு வியப்புடையதாய் இருந்ததன்றி, யாம் செய்யத் தவறியது யாது என்பதையும் அவ்வரலாறே எமக்குக் கற்பித்தது.

வில்லியம் செஸ்டர் மைனர் 1834-ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் அமெரிக்க மிஷனைச் சார்ந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அச்சுக்கூடத்தை நடத்தியவர். மானிப்பாய் என்னும் பெயர் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. சந்திரசேகர பண்டிதர் முதலியோர் தொகுத்ததும், ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டதும், மானிப்பாய் அகராதி என்று வழங்கப்பெறுவதுமான யாழ்ப்பாண அகராதி 1842-ஆம் ஆண்டில் அங்கேதான் அச்சேறியது. அப்பொழுது மைனர் எட்டு வயதுச் சிறுவர். பின்னாளில் ஓர் அகராதிக்கு உழைத்துப் புகழ்பெற்றவர் இளமையில் அச்சுக்கூடத்தை அடுத்து வளர்ந்தவர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

இளம்பருவத்திலேயே அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, 1863-ஆம் ஆண்டில் தேர்ந்து, உள்நாட்டுப் போரில் வடவர் சேனையில் அறுவை மருத்துவராய்ப் பணியாற்றினார். பின்னர் அவர் மனம் நோயுற்றது. பகைவர் இரவில் தம் அறைக்குள் நுழைந்து துன்புறுத்துவதாக அவர் நம்பலாயினர். மாற்றம் நாடி இலண்டனுக்கு வந்திருந்தபோது, 1872-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு, அத்தகைய மயக்கத்தால் வெளியே ஓடி, தெருவில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஓர் ஏழைத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டார். மனநோயினராதலின் குற்றவாளியல்லர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரைப் பெர்க்ஷயர் நாட்டுப் பகுதியிலுள்ள பிராட்மூர் விடுதியில் வைக்கப் பணித்தது. இராணுவத்திலிருந்து வந்த ஓய்வூதியத்தைக்கொண்டு அவர் அங்கே பழைய நூல்களை விலைக்கு வாங்கித் தம் அறையை நூலகமாக்கிக்கொண்டார். கொல்லப்பட்டவருடைய மனைவியே அவரை வந்து கண்டு, நூற்கட்டுகளைக் கொணர்ந்து கொடுத்ததும் உண்டு. மன்னித்தலுக்கு இதனினும் சிறந்த சான்று யாம் கண்டதில்லை.

இந்நிலையில் 1879-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மரே ஆங்கிலம் படிப்போர் அனைவர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒவ்வொரு சொல்லும் எக்காலத்தில், எந்நூலில், எப்பொருளில் வழங்கியது என்பதை மேற்கோளுடன் காட்டும் பேரகராதி ஒன்றை ஆக்க வேண்டியிருந்தது. சிலர் கூடிச் செய்து முடிக்கத்தக்க வேலை அன்று அது. ஆகவே, நூல்களைப் படித்து, வேண்டும் சொல்லை ஒரு சிறு தாளின் தலைப்பில் எழுதி, ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம் ஆகியவற்றைக் குறித்து, அச்சொல் வந்த வாக்கியத்தை உள்ளவாறே பெயர்த்தெழுதி அனுப்புமாறு அவர் பொதுமக்களை வேண்டினார். அகராதி நிலையத்திற்கு நாள்தோறும் தாள்கள் வந்து குவிந்தன. ஆக்ஸ்போர்டில் மரேயின் இல்லத்து வாயிலில் அஞ்சலகத்தார் தனியாக ஓர் அஞ்சற்பெட்டியையே நாட்டினர் என்றால், அங்கு நடந்த கடிதப் போக்குவரவு எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

வேண்டுகோளுக்கு இணங்கியோர் பலர். பெரும்பாலோர் ஒரு நூலைப் படிப்பர். கண்ணிற்படும் சொற்களை எழுதி அனுப்புவர். அவை அகராதிக்கு அப்பொழுது வேண்டியனவா என்று பாரார். அருஞ்சொற்களுக்குத் தாள்கள் மிகுந்தன. எளிய சொற்களுக்கோ தாள்கள் இல்லை. மைனர் மேற்கொண்ட முறை வேறு. அவர் ஒரு நூலை எடுத்துக்கொண்டால், தாள்களை மடித்து ஒரு சிறு ஏடு அமைப்பார். நூலைப் படித்துச் செல்லுங்கால், குறிக்கத்தக்க சொற்களையெல்லாம் அகரவரிசையில் அமையுமாறு நுண்ணிய எழுத்தில், பக்க எண்ணோடு அவ்வேட்டிற் குறிப்பார். இவ்வாறு ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வோர் ஏடு. ஏடுகள் பல சேர்ந்த பின்னர், அகராதி நிலையத்தாருக்கு எழுதி, 'இப்பொழுது உங்கட்கு வேண்டும் சொல் யாது?' என்று கேட்பார். அவர்கள் ஒரு சொல்லைத் தெரிவித்தவுடன், தம் ஏடுகளைப் புரட்டி, அச்சொல் உள்ள பக்கங்களை எடுத்து, வாக்கியங்களைப் பிழையறப் பெயர்த்து அனுப்பிவிடுவார்.

இம்முறையின் சிறப்பை எண்ணிப் பார்ப்போம். படித்தல் முன்னதாகவே நிகழ்கின்றது; விடையோ, வினா எழுந்த பின்னரே செல்கின்றது. தமக்குத் தெரிந்ததைக் காட்டவேண்டும் என்னும் அவா அதில் இல்லை. கேட்பவர்க்கு வேண்டுவது யாது என்பதே அளவுகோல். அனுப்பிய ஒவ்வொரு தாளும் தன் சான்றைத் தன்னுடனே கொண்டு செல்கின்றது. ஆதலின் அதனை நம்ப மைனரை அறிந்திருக்க வேண்டுவதில்லை. உண்மையில் மரே அவரை நெடுநாள் அறிந்திலர். 'பிராட்மூர், குரோதார்ன், பெர்க்ஷயர்' என்னும் முகவரியைக் கண்டு, அவ்விடுதியிற் பணிபுரியும் மருத்துவர்போலும் என்றே கருதியிருந்தார். பின்பு ஒரு நூலகர் பேச்சிடையே கூறக்கேட்டுத்தான் உண்மை தெரிந்தது. அதன்பின்னரே, எல்லாம் அறிந்தவராய், மரே அவரைச் சென்று கண்டார். மாளிகையில் திகைத்ததாகக் கூறும் கதை பொய்யென்பதற்கு மரே எழுதிய கடிதமே சான்று. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சொற்களுக்குச் சான்று தேடுவதிற் கழித்த ஒருவரைப் பற்றியே சான்றில்லாக் கதை ஒன்று உலகெங்கும் பரவியது. அதனைப் பரப்பியவருள் யாமும் ஒருவரானோம்!

மைனர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார். அவர் அனுப்பியவற்றைக்கொண்டே கடந்த நான்கு நூற்றாண்டு ஆங்கிலச் சொல்வழக்கை விளக்கிவிடலாம் என்னும் கருத்துப்பட மரே அவரைப் பாராட்டினார். அவ்வுழைப்பு அவர் நோயைத் தீர்த்துவிட்டது என்று கூறுதற்கில்லை. இரவுதோறும் அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. எனினும் பகற்பொழுது அவருடையதாயிற்று. 1910-ஆம் ஆண்டில் உள்நாட்டமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் ஆணையால் அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1920-ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். மரே 1915-ஆம் ஆண்டிலேயே காலமானார். இருவரும் காணாத நிலையில் 1928-ஆம் ஆண்டில் அகராதி நிறைவெய்தியது. அதில் விளக்கப்பெற்ற சொற்கள் 4,14,825. காட்டப்பெற்ற மேற்கோள்கள் 18,27,306.

இனி, இவ்வரலாற்றினின்றும் யாம் வகுத்துக்கொண்ட நாள்முறையைக் கூறுவோம். அது மிக எளியது, ஒருவரும் அஞ்சவேண்டுவதில்லை.

காலையில் முதல் மணிக்குக் கால்மணி நேரம் முன்னதாக எம்முள் ஒருவர் வினாப்புத்தகத்தைப் பார்ப்பார். அவ்வேளையிற் படித்தலே செய்வோம், எழுதுதல் இல்லை. கண்டவுடன் எழுதுவதே எம் பழைய நோய். வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு பகல் முழுதும் திரிந்தால், அது தன் உண்மை வடிவத்தைத் தானே காட்டிவிடும்.

வினாவின் வடிவத்தை அறிதற்கு நன்னூலே எமக்குத் துணை. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று அந்நூலார் வினாவை அறுவகைப்படுத்தினர். இதனைப் பழைய இலக்கணம் என்று ஒதுக்குவார் எம் வினாப்புத்தகத்தைப் பார்க்கக்கடவர்; ஆறும் அதில் உண்டு. 'சிந்தாமணி உரை யாரிடமேனும் உண்டா?' என்பது கொளல் வினா. அதற்கு 'உண்டு' என்று மட்டும் எழுதுவோன் விடை கூறினானல்லன். நூலைக் கொண்டுபோய்க் கொடுப்பவனே விடை கூறினான். 'யாருக்கேனும் கொசுவலை இல்லையோ?' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரிடம் ஒன்று மிகுதியாய் இருந்தது. ஆகவே அது கொடை வினா. 'இரவில் விளக்கை அணைப்பவர் யாவர்?' என்று விடுதிக் காப்பாளர் எழுதினார். அதற்குப் பெயர் தேடினோமல்லோம். ஏவல் வினா என்றறிந்து அன்றிரவே விளக்கை அணைத்தோம்.

ஒருவகை வினா வேறொருவகை வினாவின் உடையை அணிந்து வருதலும் உண்டு. 'குற்றியலுகரமாவது யாது? நாளை மாலைக்குள் வேண்டும்' என்று ஒருவர் எழுதினார். நாளை மாலைக்குள் வேண்டுமென்றதனாலேயே, இஃது ஆசிரியர் மாணவனை ஆராய்தற்கு விடுத்த அறிவினா, கைம்மாறி எம்மிடம் வந்துள்ளது என்பது புலனாயிற்று. விடையை அப்படியே எழுதிக்கொடுத்தால் அவர் பெறவேண்டிய காற்பங்கை யாம் கவர்ந்துகொண்டவராவோம். ஆகவே வினாவுக்கு எதிர் வினாவே விடையாக எழுதினோம்: 'நாடு, நடு என்னும் இரு சொற்களையும் உரக்க ஒலித்துப் பாரும். எதன் ஈற்றில் உகரம் தேய்ந்து ஒலிக்கின்றது? ஏன்?' அவர் அன்றிரவே, தனிக்குறிலை அடுத்த 'நடு' என்னும் சொல்லில் உகரம் குறையாமலும், நெடிலை அடுத்த 'நாடு' என்னும் சொல்லில் குறைந்தும் நிற்றலைத் தாமே கண்டு எழுதிவிட்டார். வினா எதிர் வினாதலையும் விடைகளுள் ஒன்றாக நன்னூலார் எண்ணியதன் நுட்பம் எமக்கு அன்றே விளங்கிற்று.

மற்றொரு வினா எம் உள்ளத்தைத் தைத்தது. 'தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா?' என்பதே அது. எளிய அறியா வினாப்போல் தோன்றும் அதனைப் பார்த்துச் சிலர் நகைச்சுவையாக விடைகள் எழுதினர். யாம் எழுத்தை உற்றுநோக்கி, எழுதியவர் முதலாண்டு மாணவர் ஒருவர் என்று உணர்ந்து அவரைத் தனியே கண்டோம். அவருடைய வீட்டார் அவரை வேறு வகுப்புக்கு மாறுமாறு வற்புறுத்தியிருந்தனர். மாறுவதோ இருப்பதோ என்னும் ஐயத்தில் அவர் மூன்று நாளாய்ச் சரியாக உண்ணவுமில்லை. இத்தகைய வினாவுக்கு மை கொண்டு விடை எழுதலாகாது. அவரை எம் ஆசிரியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முடிவாக எவ்வகுப்பிற் பயில்கின்றார் என்பது ஈண்டுக் கூறத்தக்கதன்று. ஐயத்தைத் தனியே சுமந்து திரியாது, அதனை இறக்கிவைக்க ஓரிடம் பெற்றார் என்பதே போதும்.

இவ்வாறு வினாவின் இயல்பை அறிந்தபின், அது எமக்குரியதா என்று ஆராய்வோம். எமக்குத் தெரிந்தவை, தேடினால் தெரியவருபவை, எம் எல்லைக்கு அப்பாற்பட்டவை என மூன்று கூறாக வினாக்களைப் பகுப்போம். மூன்றாவது கூற்றைத் தொடுவதில்லை. மருத்துவத்தைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ ஒருவர் கேட்டால், அறிந்தவர் அறை எண்ணை எழுதிவிடுவோம். அறிந்தவரைச் சுட்டுதலும் ஒரு விடையே. சைவ மரபில் வந்த சாமிநாதையர், கும்பகோணத்தில் சீவகசிந்தாமணியை ஆராய்ந்தபொழுது, சமண சமயக் கருத்துக்கள் விளங்காதவிடத்து அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பதிப்பின் பெருமைக்கு அவ்வடக்கமும் ஒரு காரணம். பெரும்புலவரே பிறரிடம் சென்று கேட்டாராயின், யாம் 'அறியோம்' என்று எழுதுவதில் இழுக்கு யாது?

வகுப்புக்கள் முடிந்தபின், விளையாட்டுத் திடலுக்குப் போகுமுன், ஒருமணி நேரம் நூலகத்திற்குச் செல்வோம். அந்நாளுக்கென்று எடுத்துக்கொண்ட வினா ஒன்றே, இரண்டாவதை ஏற்பதில்லை. எம் நினைவில் விடை ஒளிவிட்டு நின்றாலும், மூலநூலைத் திறந்து கண்ணாற் காணாமல் எழுதுவதில்லை என்பது எம் உறுதி. இதனால் எம் நினைவு எத்துணை முறை எம்மை ஏமாற்றியுள்ளது என்பதை எண்ணி நாணுகின்றோம். திருக்குறளில் உள்ளதென்று யாம் நம்பிய தொடர் நாலடியாரில் இருந்தது. ஓர் உரையாசிரியர் கூற்றென்று கூறிவந்தது மற்றொருவர் கூற்றாய் இருந்தது.

இரவுப் படிப்பு முடிந்தபின் விடையை எழுதுவோம். எழுதுபவர் ஒருவர், எழுதியதை மூலத்தோடு ஒப்பிடுபவர் மற்றொருவர். முதலில் வினாவுக்கு நேர்விடை, அடுத்து விளக்கம், இறுதியில் நூற்பெயர், பதிப்பு, பக்கம். கேட்டவர் வேண்டினால் தாமே சென்று காணலாம். எம் பெயரைச் சிறிதாகவும் நூலின் பெயரைப் பெரிதாகவும் எழுதும் வழக்கத்தை அந்த ஒரு வரி எழுதிய தம்பியே எமக்குக் கற்பித்தார்.

சனிக்கிழமைகளில், மைனரைப் பின்பற்றி, அவ்வாரத்தில் யாம் படித்த நூல்களுக்கு அகரவரிசைக் குறிப்பு எழுதுகின்றோம். பாடநூலாயினும் பொழுதுபோக்காய்ப் படித்த நூலாயினும் குறிப்பு உண்டு. முதற்சில திங்கள் இது வீண்வேலையாகவே தோன்றிற்று. இப்பொழுதோ, வரும் வினாக்களுட் பலவற்றிற்கு எம் குறிப்பேடே வழிகாட்டுகின்றது. ஞாயிற்றுக்கிழமை வினாப்புத்தகத்தைத் திறப்பதில்லை.

இம்முறைக்கும் இடர்கள் உண்டு என்பதை மறைத்தலாகாது. பிறர் வினாவில் மூழ்கித் தம் பாடத்தை மறத்தல் ஒன்று. எம்முள் ஒருவர் இதனால் ஒரு தேர்வில் இடர்ப்பட்டார். நாளுக்கு ஒரு வினா என்னும் வரையறை அதன்பின்னரே வந்தது. சொற்போர் மற்றொன்று. ஒருவர் விடையை மற்றொருவர் மறுக்க, மறுப்புக்கு மறுப்பாகப் பக்கங்கள் நிரம்ப, கேட்டவர் விடையின்றி ஒதுங்கிப்போவார். ஆகவே ஒரு மறுப்புக்கு ஒரு மறுமொழியோடு நிறுத்திக்கொள்வோம். அதற்குமேல் வேண்டின் நூலகத்தில் நேரிற் கண்டு பேசுவோம். இவை எல்லாவற்றினும் பெரிய இடர், புகழாசை. நன்றாக அமைந்த விடையைப் பிறர் மெச்சும்பொழுது, அடுத்த விடை மெச்சுதற்காகவே எழுதப்படும். யாம் பொய்க்கதை எழுதியதும் அவ்வாசையினாலேயே.

இக்காலத்தில் ஒருவர் தம் ஐயத்தை நொடிப்பொழுதில் உலகின் மறுகோடிக்கு அனுப்பலாம். நொடிப்பொழுதில் விடைகளும் வந்து குவியும். விடையின் விரைவு மிகுந்ததேயன்றி, விடை கூறுவோன் கடன் குறைந்திலது. படித்தானா, பார்த்தானா, கேட்டவர்க்கு வேண்டியதைக் கூறினானா என்னும் மூன்றும் என்றும் நின்று வினவும்.

யாம் எழுதிய அக்கதை இன்றும் வினாப்புத்தகத்தில் உள்ளது. அப்பக்கத்தைக் கிழித்தெறிந்துவிடலாம் என்று எம்முள் ஒருவர் கூறினார். கிழிக்கவில்லை. கதையின் குறுக்கே ஒரு கோடு இட்டு, 'இது பொய். யாம் நூலைப் பாராது எழுதினோம். மெய்வரலாறு அடுத்த பக்கத்தில்' என்று எழுதி, யாம் அறுவரும் கையெழுத்திட்டோம். அதனைத் தம்பியிடம் காட்டியபொழுது அவர் ஒன்றும் கூறவில்லை. அடுத்த பக்கத்தை நின்றவாறே முழுதும் படித்தார். சென்ற திங்களில் அவரே ஒரு வினாவுக்கு விடை எழுதியிருக்கக் கண்டோம். நான்கு வரிகளே கொண்டது அது. ஐந்தாவது வரியில் நூற்பெயரும் பக்க எண்ணும் இருந்தன. யாம் நூலகத்திற்குச் சென்று அப்பக்கத்தைத் திறந்து பார்த்தோம். சரியாகவே இருந்தது.

கல்லூரியை விட்டுச் சென்ற பெரியோர்கள் எம் விடுதிக்கு வருவார்களாயின், வாசகசாலை மேசையின் மூலையிலுள்ள அப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகின்றோம். விடை பெறாத வினாக்கள் இன்னும் பல அதில் உள்ளன.